இல்லத்து உணவும் இளஞ்சிறார் நலமும்



ஓய்வு நேரம் முடிந்து மணி அடித்தபின் சிற்றுண்டிச் சாலையின் மேசைகளை ஒரு முறை சுற்றி வருவது என் வழக்கம். தட்டுகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஆனால் மேசை விளிம்பில் ஒரு சிறு வரிசை காணப்படும். கறிவேப்பிலை, பயற்றங்காய்த் துண்டு, காரட் சீவல், முட்டைக்கோசு இழை என்று ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எடுத்து வைக்கப்பட்டிருக்கும். கூட்டல் கணக்கில் ஒன்றை விட்டுவிடும் பிள்ளையின் விரல், மீ கோரெங்கில் ஓர் இழை சாவிக் கீரையைக்கூட விடுவதில்லை! இத்துணைக் கூர்மையான கண்களைப் பெற்ற பிள்ளைகளுக்குக் காய்கறி ஊட்டுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது எளிய பொருள் என எண்ணிவிட வேண்டா. 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்திய நலவாழ்வு ஆய்வில், வயதுவந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் போதிய அளவு காய்கனி உண்பதில்லை எனத் தெரியவந்தது. அதே ஆய்வு, வயதுவந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்றும் கூறிற்று. நம் இந்தியச் சமுதாயத்தில் இந்நோய் மிகுதி என்பதற்கு ஆய்வறிக்கை வேண்டியதில்லை; எந்தத் திருமண வீட்டிலும் சர்க்கரை இல்லாத் தேநீர் கேட்போரை எண்ணினாலே போதும். உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு நாளைக்குக் காய்கனி 400 கிராமேனும் உண்ணுக என்கிறது. நம் அமைச்சோ தட்டை நான்காகப் பகுத்து, ஒரு கால் சோறு, ஒரு கால் மீனோ இறைச்சியோ பருப்போ, மீதிப் பாதி காய்கனி என்று ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்னும் பெயரால் கற்பித்து வருகிறது. எங்கள் நான்காம் வகுப்பு மாணவர்கள் இத்தட்டினை அழகாக வரைந்து வண்ணம் தீட்டுகின்றனர். வரைந்த கையோடு சென்று காரட்டைப் பொறுக்கி மேசையில் வைக்கின்றனர்.

உண்ணும் பொருளில் கண்ணுக்குப் புலப்படாத சிறு பகுதி மனிதரின் வாழ்வையே முடிவு செய்யக்கூடும் என்பதை உலகம் அறிந்துகொண்ட இடங்களுள் நம் கோலாலம்பூரும் ஒன்று. இதனைப் பலர் அறியார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால்கள் வீங்கும், மரத்துப்போகும், முடிவில் இதயம் ஓயும். ஈயச் சுரங்கங்களில் பாடுபட்ட சீனத் தொழிலாளரிடையே இந்நோய் மலிந்திருந்தது. அதே வெயிலில், அதே மழையில் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளரிடையே அது அரிதாகவே கண்டது. பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டை உற்று நோக்கினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளரிசி. தமிழர் உண்டது ஊரிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. வேறுபாடு அரிசியில்தான் இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

கோலாலம்பூரில் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் இதனைச் சோதிக்கத் துணிந்தார். 1905ஆம் ஆண்டின் இறுதியில், இந்நகர மனநோயாளர் இல்லத்திலிருந்தோரை வரிசையில் நிறுத்தி, ஒன்றுவிட்டு ஒருவராகப் பிரித்து இரு கூட்டமாக்கினார். ஒரு கூட்டத்தாருக்குத் தீட்டிய வெள்ளரிசிச் சோறு. மற்றவர்க்குப் புழுங்கலரிசிச் சோறு. மற்ற உணவுகளில் வேறுபாடில்லை. ஓராண்டு கழிந்தது. வெள்ளரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோரில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. இடத்தின் குற்றமோ என ஐயுற்று, நடுவில் இரு கூட்டத்தாரையும் கட்டடம் மாற்றியும் பார்த்தார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, வெள்ளரிசியோடு சென்றது. (இக்காலத்து அறமுறைப்படி இத்தகைய சோதனைக்கு எவரும் இசைவளியார். அந்த 18 பேரை நினையாமல் இச்செய்தியை மாணவர்க்குச் சொல்ல என்னால் இயலுவதில்லை.)

பிராடன், வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு இருக்கலாம் என்றே கருதினார். பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவர், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்வு நடத்தினர். வெள்ளரிசியில் ஒன்று கூடியிருப்பதன்று, ஒன்று குறைந்திருப்பதே நோய்க்குக் காரணம் எனக் கண்டனர். தீட்டி எறியப்பட்ட தவிட்டில் அப்பொருள் இருந்தது. 1926இல் ஜாவாவில் அதனைப் பிரித்தெடுத்தனர். அதுவே இன்று நாம் உயிர்ச்சத்து பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் முழுதும் போகாது. ஆய்வுக் கூடத்தையே கண்டிராத நம் பாட்டிமார், அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் கிளறியபடியே, தம் பேரரை ஒரு கொள்ளை நோயிலிருந்து காத்திருக்கின்றனர். அரிசிக்குள் சத்தை ஒளித்து வைத்தவர்கள் அவர்களே.

நிற்க. இனிக் காய்கறிக்கு வருவோம்.

யான் பிறந்தது காப்பார்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். என் தாயார் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் அவர், கைக்குழந்தையாயிருந்த என் தங்கையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார். மத்தியானம் திரும்பியதும் விறகடுப்பை மூட்டுவார். லயத்துப் பின்புறம் நாலடி அகலத்தில் ஒரு பாத்தி, வேலியோரம் முருங்கை, சாக்கடை ஓரம் பொன்னாங்காணி, பந்தலில் பீர்க்கு, அவரை. காய்கறி வாங்கக் கிள்ளான் வரை போவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். எங்களை எவரும் ‘காய் சாப்பிடு’ என்று கெஞ்சியதாக நினைவில்லை. கெஞ்சுவதற்குத் தட்டில் வேறென்ன இருந்தது? ஆயினும் அம்மா செய்த சமையலை இன்று எண்ணிப் பார்க்கையில், அதில் காய் தனியாய்க் கிடந்தது குறைவு. கரைந்து கிடந்ததே மிகுதி என்பது விளங்குகிறது. பரங்கிக்காய் பருப்போடு குழைந்திருக்கும். பீர்க்கங்காயைக் கூட்டு வைத்துவிட்டு, அதன் தோலை எறியாமல் வதக்கி, மிளகாயும் புளியும் கூட்டி அம்மியில் அரைத்துத் துவையல் ஆக்குவார். முருங்கைக்கீரை அடையிலும், முற்றிய வெள்ளரிக்காய் மோர்க் குழம்பிலும் புகுந்துவிடும். காய்கறியை ஒளித்து ஊட்டுதல் மேல்நாட்டார் புத்தகம் எழுதிக் கற்பித்த கலை என்று எவரேனும் கூறினால், அவர் நம் சாம்பாரைக் கூர்ந்து பார்த்ததில்லை எனலாம்.

அந்தத் தோட்டங்கள் இன்று எங்கே? சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்தில். நாட்டின் நிருவாகத் தலைநகர் புத்ராஜெயா நிற்பது பிராங் பெசார் தோட்டமும் அதன் அண்டைத் தோட்டங்களும் இருந்த நிலத்தில். மரங்கள் போயின, லயங்கள் போயின, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். பால்மரத்திற்குப் பதில் செம்பனை நிற்கும் தோட்டங்களிலும் நம்மவர் வரவரக் குறைவு. மாடி வீட்டில் குழாய்த் தண்ணீர் உண்டு, மின்சாரம் உண்டு; அவற்றை யான் குறைத்துப் பேசேன். தலையில் குடம் சுமந்த தாயின் மகன் அங்ஙனம் பேசலாகாது. ஆனால் வேலியோர முருங்கை அங்கே ஏறி வரவில்லை. தாயும் தந்தையும் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஐந்தரைக்கே கிளம்ப, பிள்ளையின் காலையுணவு ரொட்டியும் தேநீருமாகவும், இரவுணவு உடனடி மீயாகவும் சுருங்கிப்போன இல்லங்கள் பல. இதில் அன்னையரைக் குறை கூறுவோர் ஒரு வாரம் அவ்வேலைக்குச் சென்று திரும்பிப் பின்னர்ப் பேசட்டும்.

விளைவைப் பள்ளியில் யாங்கள் காண்கிறோம். காலை ஒன்பது மணிக்கே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகள். கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருக்கும் பிள்ளைகள். வயிற்றுவலி என்று வாரந்தோறும் அழும் பிள்ளைகள். கடைசியாகக் கூறியவர்களுள் பலருக்கு உள்ள நோய் வேறொன்றுமன்று, மலச்சிக்கல். நார்ச்சத்தும் தண்ணீரும் இல்லாத வயிறு அப்படித்தான் வலிக்கும். இதை ஆண்டு மலரில் எழுதலாமா என்று ஓர் ஆசிரியை தயங்கினார். எழுதாமல் விட்டால் வலி போய்விடுமா என்று கேட்டேன்.

அரசு இதனை அறியாமல் இல்லை. கல்வி அமைச்சு 1979 முதல் ஏழை மாணவர்க்குக் கூடுதல் உணவுத் திட்டத்தை நடத்தி வருகிறது. தமிழகத்திலும் 1956இல் காமராசர் மதிய உணவைப் பரவலாக்கினார்; 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கலுக்குத் துணையாய் வருவது காய்கறிச் சாம்பார். பள்ளி ஒரு வேளைதான் ஊட்ட முடியும். மீதி வேளைகள் இல்லத்தின் பொறுப்பே.

இனிச் செய்முறை. என் மனைவியாரும் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தாய்மாரும் செய்து பார்த்துப் பலன் கண்டவற்றையே இங்குக் கூறுகிறேன்.

முதல் விதி, நிறத்தோடு நிறம் சேர்த்தல். பிள்ளைகள் முதலில் கண்ணால் உண்பவர்கள். மஞ்சள் நிறமான பருப்பில் பரங்கிக்காய் மறையும். ஒரு குவளை துவரம்பருப்போடு கைப்பிடி அளவுள்ள பரங்கித் துண்டுகள் ஆறேழும், தோல் சீவிய சுரைக்காய் ஒரு துண்டும் சேர்த்துக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்துவிடுங்கள். வழக்கம்போல் புளியும் சாம்பார்த் தூளும் சேர்த்துத் தாளித்தால், உண்பவர் நாவுக்குச் சாம்பார் சற்று இனிப்பாகத் தோன்றுமேயன்றி வேறொன்றும் தெரியாது. ரொட்டி சானாய்க்கு ஊற்றிக்கொள்ளும் பருப்புக் குழம்பிலும் இதனையே செய்யலாம். செந்நிறமான நெத்திலிச் சம்பலில் தக்காளியும் காரட்டும் மறையும். ஊறவைத்த வற்றல் மிளகாயும் வெங்காயமும் அரைக்கும்போதே, வேகவைத்த காரட் ஒன்றையும் தக்காளி இரண்டையும் சேர்த்து அரைத்துவிடுங்கள். சம்பலின் காரமும் தணியும். நாசி லெமாக்கோடு அதை உண்ணும் பிள்ளை மறுமுறையும் கேட்கும். வெண்ணிறமான தேங்காய்ப்பால் சொதியில் காலிபிளவரும் சுரைக்காயும் அடங்கும். பச்சைக்கு மட்டும் ஒளிவிடம் குறைவு. அதனைத் துவையலாக்கிப் பச்சையாகவே காட்டிவிடுவது நலம். புதினாவும் கொத்துமல்லியும் பச்சை என்பதைப் பிள்ளைகள் ஏற்கெனவே மன்னித்துவிட்டனர். அவற்றின் கூட்டத்தோடு ஒரு பிடி கீரையும் போய்விடும்.

தோசை மாவு நல்லதோர் ஒளிவிடம். நான்கு குவளை மாவுக்கு ஒரு குவளை, வேகவைத்து மசித்த காரட்டோ பரங்கியோ சேர்க்கலாம். அதற்கு மிஞ்சினால் தோசை கல்லில் ஒட்டிக்கொள்ளும்; காலை ஆறு மணிக்கு ஒட்டிக்கொள்ளும் தோசை எவருடைய பொறுமையையும் சோதிக்கும். சப்பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிப் பிசைவதற்கு மாறாக மசித்த பரங்கியால் பிசைந்தால், மறுநாள் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினாலும் மென்மை கெடாது. புட்டில் தேங்காய்ப்பூ வைக்கும் அடுக்குகளில் பாதியைக் காரட் துருவலாக்கலாம். மீ கோரெங்கில் முட்டைக்கோசைப் பெரிதாய் அரிந்து போடுவதால்தான் அது பொறுக்கப்படுகிறது. மீயின் அகலத்திற்கு மெல்லிழையாகச் சீவி, முதலிலேயே எண்ணெயில் வதக்கிவிட்டால் எது மீ, எது கோசு என்று பிரிக்கும் பொறுமை எப்பிள்ளைக்கும் இராது.

ஒளிக்க இயலாதவையும் உண்டு. முள்ளங்கியை மணம் காட்டிக்கொடுத்துவிடும். பாகற்காயோ எங்கும் மறையாது. மறைக்க முயல்வதும் அதற்குச் செய்யும் அவமதிப்பே. அது வளர்ந்தோர் காய். உரிய வயது வரும்போது பிள்ளைகள் தாமே அதனிடம் வந்து சேர்வர்.

சில நுட்பங்களை அறிவியல் ஆசிரியனாகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்ல வேண்டும். பரங்கி, காரட் ஆகியவற்றின் மஞ்சள் பொருளை உடல் உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. ஆனால் சிறிதேனும் எண்ணெயோடு உண்டாலன்றி அது உடலில் நன்கு சேராது. ஆகவே எண்ணெயை அறவே விலக்குதல் சிக்கனமாகாது. கீரையிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சைச் சாறோ தக்காளியோ உடனிருந்தால் ஏற்கும். தேநீர் உடனிருந்தால் இன்னும் குறைவாகவே ஏற்கும். நம் வீடுகளில் பசியாறும்போதே பிள்ளைக்கும் ஒரு மங்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் தோட்டத்திலிருந்து நம்மோடு வந்தது. அதனை உணவுக்கு ஒரு மணி நேரமேனும் தள்ளி வையுங்கள். இயன்றால் பிள்ளைகளுக்கு நிறுத்திவிடுங்கள். காயை அரைத்தால் நார்ச்சத்து போய்விடுமோ என்று சிலர் கேட்கின்றனர். அரைத்தால் போகாது, வடிகட்டிச் சக்கையை எறிந்தால்தான் போகும். காய் வெந்த நீரை ஊற்றிவிடுவதும் அத்தகைய வீண் செலவே. அந்நீரிலேயே பருப்பை வேகவைக்கலாம், இரசமும் கூட்டலாம்.

மற்றோர் எச்சரிக்கை. வேலியோரம் எளிதில் வளரும் சாயூர் மானிஸ், நம்மவர் தவசிக்கீரை என்பது, மிக நல்ல கீரை. ஆனால் அதனைப் பச்சையாய்ப் பிழிந்து சாறாகக் குடிக்கலாகாது. தைவான் நாட்டில் 1995ஆம் ஆண்டையொட்டி, உடல் மெலிய வேண்டி அச்சாற்றைப் பருகிய பலர் நுரையீரல் கெட்டு அல்லலுற்றனர். மரவள்ளி இலையும் அவ்வாறே. நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். ஒளித்து ஊட்டும் ஆர்வத்தில் அரைத்ததையெல்லாம் பச்சையாகக் கலந்துவிடுவோர் இதனை மறவாதிருக்க.

நேரத்திற்கு என் செய்வது என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மேரு சந்தைக்கோ, பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கோ, அருகிலுள்ள உழவர் சந்தைக்கோ சென்று, விலை குறைந்த காயாகப் பார்த்து இரண்டு வகை வாங்குங்கள். கேமரன் மலையில் கடுமழை பெய்த வாரத்தில் கோசு விலை ஏறிவிடும்; அவ்வாரம் பரங்கிக்காய் கைகொடுக்கும். வாங்கியதை அன்றே ஆவியில் வேகவைத்து மசித்து, குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டி உறையவைக்கும் தட்டின் குழிகளில் நிரப்பிவிடலாம். உறைந்தபின் பையில் கொட்டி வைத்துக்கொண்டால், வாரநாளில் சாம்பாருக்கு நான்கு கட்டி, தோசை மாவுக்கு இரண்டு கட்டி என எடுத்துப் போடலாம். அரைமணி நேர வேலை, ஆறு நாளைக்கு உதவும். இதனை எங்களுக்குக் கற்பித்தவர் காலை வேலை முறைக்கும் இரவு வேலை முறைக்கும் மாறி மாறிச் செல்லும் ஒரு தாயார். கல்லூரியில் எனக்கு இதனை எவரும் கற்பித்ததில்லை.

இவ்வளவும் கூறியபின், மறைக்கலாகாத ஒன்றையும் கூறியாக வேண்டும். பிள்ளைக்குத் தெரியாமல் ஊட்டுவது ஏமாற்றுதல் அன்றோ? உண்மை பேசு என்று வகுப்பில் கற்பிக்கும் நாம், தோசையில் பொய் பேசலாமா? சிறிய கேள்வியாகத் தோன்றும். என் இல்லத்தில் அது சிறிய கேள்வியாக இருக்கவில்லை.

என் மகள் இரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டு அது. பரங்கி, காரட், கீரை எதையும் தொடாதவள். என் மனைவி மேற்கூறிய முறைகளால் பல மாதங்கள் அவளுக்குக் காய்கறி ஊட்டி வந்தார். அவளும் உடல் தேறி வந்தாள். ஒருநாள் இரவு உறவினர் சிலர் வந்திருந்தனர். அவர்கள் பிள்ளை காய் உண்பதில்லை எனக் குறைப்பட்டுக்கொண்டபோது, யான் பெருமை தாங்காமல், “எங்கள் வீட்டில் பாருங்கள், இவள் இப்போது விரும்பி உண்கிறாளே, இந்தத் தோசையில் அரைப் பரங்கிக்காய் இருக்கிறது. அவளுக்கே தெரியாது!” என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தனர். மகள் சிரிக்கவில்லை. வாயிலிருந்த தோசையை மென்றாளும் இல்லை, துப்பினாளும் இல்லை. தன் தாயைப் பார்த்து, “நேற்றும் போட்டீங்களாம்மா? எல்லா நாளும் போட்டீங்களா?” என்று கேட்டாள். அதற்குப்பின் மூன்று வாரம் அவள் எந்த உணவையும் பிய்த்துப் பார்க்காமல் உண்ணவில்லை. வெறுஞ்சோற்றையும் கிளறினாள். பரங்கியால் பெற்றதினும் மிகுதியாக அந்த மூன்று வாரத்தில் இழந்தோம். குற்றம் ஊட்டிய கையினதன்று, சிரித்த வாயினது.

பின்னர் மனைவியார்தான் வழி கண்டார். ஒரு ஞாயிறு மகளைச் சந்தைக்கு அழைத்துச் சென்று, “இந்த வாரம் அப்பாவுக்குத் தெரியாமல் சாம்பாரில் ஒரு காய் ஒளிக்கப் போகிறோம். எதை ஒளிக்கலாம், நீயே சொல்லு” என்றார். அவள் தேர்ந்தெடுத்தது சௌசௌ. அவளே மசித்தாள். இரவு உண்கையில் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். யான் சுரைக்காய் என்றேன், தோற்றேன். (உண்மையாகவே தோற்றேன்.) அடுத்த நாள் என் முறை. ஒளித்தல் அன்று முதல் பொய்யாக இல்லாமல் விடுகதையாயிற்று. விடுகதைக்கு விடை காண வேண்டுமாயின் சுவைத்தாக வேண்டுமே! சில மாதங்களில் அவள் பரங்கியைத் துண்டாகவே உண்ணத் தொடங்கினாள். கத்திரிக்காயை மட்டும் இன்றுவரை ஏற்கவில்லை. வளர்ந்து ஆளாகிவிட்டவளை இனி யார் வற்புறுத்துவது?

ஆய்வாளரும் இதையொட்டிச் சிலவற்றைக் கண்டுள்ளனர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகளின் உணவில் காய்கறியை மசித்துக் கலந்தபோது அவர்கள் உண்ட காய்கறியின் அளவு நன்கு உயர்ந்தது; சுவை மாறியதாக அவர்கள் பொருட்படுத்தவில்லை. அதே தட்டில் தனியாக வைத்த காயையும் முன்போலவே உண்டனர். ஒளித்து வைத்தால் வெளிப்படையான காயை வெறுப்பர் என்ற அச்சத்திற்கு அங்கே சான்று கிட்டவில்லை. ஆயினும் ஒளித்த காயை மட்டுமே அறிந்த பிள்ளை, காயை அறிந்த பிள்ளையாகாது. புதிய காய் ஒன்றை ஏற்கச் சில பிள்ளைகளுக்குப் பத்து முறை, அதற்கு மேலும் சுவைக்க வேண்டியிருக்கும். இரண்டாம் முறையிலேயே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று நாம் முத்திரை குத்திவிடுகிறோம். எனவே சாம்பாரில் கரைந்த பரங்கியோடு, தட்டின் ஓரத்தில் விரல்நுனி அளவு பரங்கித் துண்டு ஒன்றும் கிடக்கட்டும். உண்டால் உண்ணட்டும், ஒதுக்கினால் சண்டை வேண்டா. தாமும் அதையே உண்ணும் தந்தையை எதிரில் காண்பது பிள்ளைக்கு எந்த அறிவுரையினும் மேலானது. ‘அப்பாவுக்குக் காய் பிடிக்காது, அவருக்குக் கோழி வை’ என்று கூறும் இல்லத்தில் பரங்கியை எத்துணை அரைத்தும் பயனில்லை. இதனை எழுதும்போது என் இளமைக்கால நண்பர் சிலரது முகம் என் கண்முன் வருகிறது.

சென்ற தவணையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை இவ்விடுகதை விளையாட்டை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். வீட்டில் சமைத்த பருப்புக் கடைசலைச் சிறு கிண்ணங்களில் கொடுத்து, இதிலுள்ள காய் யாது என எழுதச் சொன்னார். முருங்கை, கோழி, மெழுகுவத்தி என்று பலவாறு விடை வந்தது. மெழுகுவத்தி எழுதிய மாணவன் இரண்டாம் கிண்ணமும் வாங்கிக் குடித்தான். பரங்கிக்காயை முழுதாகக் கண்டிராத பிள்ளைகள் அவ்வகுப்பில் எழுவர் இருந்தது எனக்கு வியப்பாயிருந்தது. மறுவாரம் ஒரு முழுப் பரங்கியை மேசைமேல் வைத்து, விதை எத்தனை என்று எண்ணிக் கணக்குப் பாடம் நடத்தினோம்.

அவ்விதைகளுள் சில இப்போது பள்ளித் தோட்டத்தின் கிழக்குப் பாத்தியில் கொடியோடிக் கிடக்கின்றன. வேலியோர முருங்கை மரங்களை மழைக்காலத்திற்கு முன் கவாத்து செய்யவிருக்கிறோம். கை மணிக்கட்டுப் பருமனும் மூன்றடி நீளமும் உள்ள கிளைகள் நடுவதற்கு ஏற்றவை. வெட்டி ஓரிரு நாள் நிழலில் வைத்து, ஓரடி ஆழத்தில் நட்டால் வேர் பிடிக்கும். மாடி வீட்டில் குடியிருப்போர் பெரிய வாளியிலோ பழைய சாயத் தொட்டியிலோ அடியில் துளையிட்டு நடலாம். ஆளுயரத்திற்கு மேல் விடாமல் நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தால் அடை சுடக் கீரை கிடைத்துக்கொண்டே இருக்கும். கிளை வேண்டும் பெற்றோர் அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை காலை கூட்டுப்பணி நாளன்று வந்து பெற்றுக்கொள்ளலாம். வரும்போது சாக்குப் பை ஒன்று கொண்டுவருக. சென்ற முறை பேருந்தில் கிளையைத் தூக்கிச் சென்றவரை நடத்துநர் ஏற்ற மறுத்துவிட்டாராம்.